மாதம் ஒரு முறை பாவ அறிக்கை: அதை வழக்கமாக்கிக்கொள்வது எப்படி?

நெல்லை வாசகன் எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமச் சபையில் வளர்ந்தவன். எங்கள் ஆராதனையில் பாவ அறிக்கை தவறாமல் உண்டு. போதகர் அழைப்புக் கொடுத்ததும் எல்லோரும் முழங்காலிட்டு அச்சிட்ட ஜெபத்தை ஒரே குரலில் சொல்கிறோம், அவர் பாவமன்னிப்பின் வார்த்தைகளைக் கூறுகிறார், ஆராதனை தொடர்கிறது. அந்த ஒழுங்கின்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த ஜெபம் சபையார் அனைவருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. போன வாரம் நான் யாரிடம் எரிந்து விழுந்தேன், யாருக்குச் சேரவேண்டிய நற்பெயரை எனதாக்கிக்கொண்டேன் என்பதெல்லாம் அதில் வருவதற்கு இடம் இல்லை.

என்னுடன் வேலை பார்க்கும் கத்தோலிக்க நண்பர் ஒருவர் மாதந்தோறும் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் தனியே பாவ அறிக்கை, செய்கிறார். அவர் அதைப் பெரிய காரியமாகப் பேசுவதுமில்லை, தவிர்ப்பதுமில்லை. அவரைப் பார்க்கும்போது, நான் ஏதாவது பெரிதாகத் தவறிய நாளில் மட்டும் தனியாக அழுது ஜெபிக்கிறேன், மற்ற நாட்களில் என்னை நானே பார்ப்பதே இல்லை என்று தோன்றுகிறது. சீர்திருத்தத் திருச்சபை மரபில் நிற்கும் ஒருவன் இதை ஒழுங்கான பழக்கமாக்கிக்கொள்ள வழி உண்டா? யாரிடம் அறிக்கையிடுவது? நாள் குறித்துச் செய்தால் அது வெறும் சடங்காகிவிடாதா? அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முத்துக்கரை எழுதியது:

சகோதரரே, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத் திருச்சபை மிகப் பழங்காலத்திலேயே கேட்டுவிட்டது. முதல் நூற்றாண்டுகளில் கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்ற பெரும் பாவங்களுக்குச் சபையறியத் தவம் இருக்கவேண்டும். அந்த வாய்ப்பும் ஞானஸ்நானத்துக்குப் பிறகு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதன் விளைவு என்ன ஆனது தெரியுமா? பலர் அந்த ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிட அஞ்சி, மரணப்படுக்கை வரைக்கும் தள்ளிப்போட்டார்கள். பாவம் செய்யும்போதெல்லாம் குருவிடம் வந்து மன்னிப்புக் கேட்கும் வழக்கம் பரவத் தொடங்கியபோது, 589-இல் ஸ்பெயினில் ஆயர்கள் கூடிய மூன்றாம் தொலேதோ சங்கம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஆயினும் அயர்லாந்துத் துறவிகள், கொலும்பானுஸ் போன்றவர்கள், ஐரோப்பாக் கண்டத்துக்குக் கொண்டுவந்த அந்தத் தனி அறிக்கையே காலப்போக்கில் நிலைபெற்றது. 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், புத்தி விவரம் தெரிந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவங்களை அறிக்கையிடவேண்டும் என்று கட்டளையிட்டது. இன்றைய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் சாவான பாவங்களை, அதாவது கனமான பாவங்களை, பொறுத்தவரை அதையே சொல்கிறது. அற்பப் பாவங்கள் எனப்படும் சிறு பாவங்களையும் அறிக்கையிடுவதைக் கட்டாயமாக்காமல் பரிந்துரைக்கிறது. மாதந்தோறும் போகும் உங்கள் நண்பர் அந்தப் பரிந்துரையின்படி நடக்கிறவராக இருக்கலாம்.

அரிதாக இருந்த காலத்தில்தான் மக்கள் அதைத் தள்ளிப்போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நாள் குறித்துச் செய்வதால் அறிக்கை சடங்காகிவிடும் அபாயம் உண்டு, மறுக்கவில்லை. நாள் குறிக்காவிட்டாலோ அறிக்கையே இல்லாமற்போகும்.

எங்கள் கடற்கரைக்கும் இந்தக் காரியத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றிய இயேசு சபைக் குரு என்றிக்கே என்றிக்கஸ் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' என்று தமிழில் நூல்கள் அச்சிட்டார். 1580-இல் கொச்சியில் அச்சான அவருடைய இன்னொரு நூல் 'கொம்பெசியொனாயரு'. அது முழுக்கவும் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. தமிழ் எழுத்துகள் அச்சேறிய முதல் சில நூல்களிலேயே, ஒரு சாதாரண விசுவாசி தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்கான நூல் ஒன்று இருந்தது என்பது எங்களுக்குப் பெருமை. அதை எங்கள் பங்குகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது வருத்தம்.

நடைமுறைக்கு வருகிறேன். மாத அறிக்கை நிலைக்கவேண்டுமானால் தினசரி ஆன்ம சோதனை வேண்டும். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் சொன்ன ஒழுங்கு ஐந்து படிகள் கொண்டது: பெற்ற நன்மைகளுக்கு முதலில் நன்றி, பிறகு பாவத்தை அறியும் வரம் கேட்டல், பிறகு அன்றைய நாளை மணிக்கு மணி நினைத்துப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்தும் தீர்மானம். நன்றி முதலில் வருவதை விட்டுவிடாதீர்கள். அதை விட்டவர்கள் சில வாரங்களில் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். குறிப்பிட்ட ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் விழும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்து மனம் வருந்தவும், மதியமும் இரவும் எத்தனை முறை விழுந்தோம் என்று கோட்டின்மேல் புள்ளி வைக்கவும் அவர் சொல்கிறார். கடைக்காரர் இரவில் கல்லாவை எண்ணிக் கணக்கு எழுதிவிட்டுக் கதவைச் சாத்துவதுபோல, ஐந்து பத்து நிமிடத்தில் முடியும் வேலை.

ஆவியின் கனி எழுதியது:

சகோதரர் முத்துக்கரையின் வரலாற்று விவரங்களுக்கு நன்றி. ஆனால் நெல்லைச் சகோதரருக்கு ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்கிறது. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று யோவான் எழுதும்போது நடுவில் ஒரு குருவைக் குறிப்பிடவில்லை. நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன். அதிகாலை ஜெபத்தில் பெயர் சொல்லி, செயல் சொல்லிக் கர்த்தரிடம் அறிக்கையிடுகிறேன். மனுஷனுக்கு விரோதமாகச் செய்திருந்தால் அந்த மனுஷனிடமே போகிறேன். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போய் ஒப்புரவாகச் சொன்னதும் அதற்காகத்தான். மூன்றாவது ஆள் ஒருவரிடம் சொல்வதால் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது?

இன்னொன்றும் உண்டு. மனுஷனிடம் இரகசியத்தைக் கொடுப்பது அவன் கையில் நம் பிடியைக் கொடுப்பது. 2018-இல் கேரளத்தில் ஒரு சபையின் குருக்கள் சிலர்மேல், பாவ அறிக்கையில் கேட்டதை வைத்து ஒரு பெண்ணை மிரட்டிப் பாலியல் கொடுமை செய்ததாகக் குற்றச்சாட்டு எழுந்ததும், பாவ அறிக்கை முறையையே நிறுத்தவேண்டும் என்று தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவர் அப்போது பரிந்துரைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் சபைகளும் இதற்கு விலக்கல்ல. ஜெபக்குறிப்பு என்று சொல்லி ஒருவர் பகிர்ந்ததை அடுத்த வாரப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் புரியும்படி, பேசிவிடும் ஊழியர்களை நான் கேட்டிருக்கிறேன்.

முத்துக்கரை எழுதியது:

அச்சம் நியாயமானது. ஆகவேதான் எங்கள் சட்டம் இரகசியத்தைக் குருவின் நல்ல மனத்துக்கு விட்டுவிடவில்லை: நேரடியாக அதை உடைக்கும் குரு, தீர்ப்புக்குக் காத்திராமல் அச்செயலாலேயே திருச்சபைக்குப் புறம்பாகிறார். முகம் காட்டாமல் தடுப்புக் கம்பிக்குப் பின்னாலிருந்து பேச விரும்புகிறவருக்கு அந்த வசதி இருந்தாகவேண்டும் என்பதும் சட்டம். மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ 16-ஆம் நூற்றாண்டில் அந்தத் தடுப்பை வலியுறுத்தியதே, பெண்களின் பாதுகாப்பைக் கருதித்தான். சட்டம் இருந்தும் துரோகம் நடக்கிறது என்றால், துரோகம் செய்தவன் தண்டிக்கப்படவேண்டும். தடுப்பு இல்லாத அறையில் தனியாக வரச்சொல்லும் எவரிடமும், எந்தச் சபையானாலும், போகாதீர்கள் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் நானும் உங்களோடு நிற்கிறேன்.

தரங்கை எழுதியது:

இரண்டு பக்கமும் பேசியாயிற்று. நடுவில் ஒரு மரபு விடுபட்டுப்போகிறது. சீர்திருத்தம் தனி அறிக்கையை ஒழித்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். லுத்தரன் சபையில் வளர்ந்தவன் என்ற முறையில், அது பாதி உண்மைகூட இல்லை என்று சொல்லியாகவேண்டும்.

1522-இல் வார்ட்புர்க் கோட்டையிலிருந்து விட்டன்பெர்க்குக்குத் திரும்பிய சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் தொடர்ந்து எட்டு நாள் பிரசங்கித்தார். எட்டாம் நாள் பேச்சு பாவ அறிக்கையைப் பற்றியது: யாரையும் அதற்குக் கட்டாயப்படுத்த அவர் இசையவில்லை, ஆனால் அதனால் தமக்குக் கிடைத்த ஆறுதலை உலகப் பொருள் எதற்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்றும் சொன்னார். 1530-இல் கொடுக்கப்பட்ட, லுத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 11-ஆம் பிரிவு, தனித்தனியே கூறப்படும் பாவமன்னிப்புச் சபைகளில் நிலைநிறுத்தப்படவேண்டும் என்று சொல்லிவிட்டு, எல்லாப் பாவங்களையும் ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்வது தேவையில்லை, முடியவும் முடியாது என்கிறது. அதற்கு அது காட்டும் வசனம் சங்கீதம் 19:12: "தன் பிழைகளை உணருகிறவன் யார்? மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்." எங்களுக்கும் கத்தோலிக்கருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சாவான பாவங்கள் ஒவ்வொன்றையும் வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிடவேண்டும் என்று 1551-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் உறுதியாக்கியது. எங்கள் பக்கமோ, எண்ணிக்கையைவிட மன்னிப்பின் வார்த்தையைக் காதால் கேட்பதிலேயே பாரத்தை வைத்தது.

ஆவியின் கனிச் சகோதரர் கேட்ட கேள்விக்கும் என் பதில் இதுதான். நான் தனியாக ஜெபிக்கும்போது, குற்றஞ்சாட்டுகிறவனும் நானே, தீர்ப்புச் சொல்கிறவனும் நானே. சில நாள் என்னை மிக எளிதாக விட்டுவிடுகிறேன், சில நாள் விடவே மாட்டேன் என்கிறேன். இன்னொரு விசுவாசி என் முகத்தைப் பார்த்து, கிறிஸ்துவினிமித்தம் உனக்கு மன்னிப்பு உண்டு என்று சொல்லும்போது அது எனக்கு வெளியே இருந்து வருகிறது. தாவீதும், "தேவரீர் ஒருவருக்கே விரோதமாய் நான் பாவஞ்செய்து" என்று பாடியது தீர்க்கதரிசி நாத்தான் வந்து ஒரு கதை சொல்லி அவர் பாவத்தை உணர்த்திய பிறகுதான். அதுவரை மாதக்கணக்காக அவர் வாய் திறந்ததாக வேதத்தில் இல்லை.

நெல்லைச் சகோதரருக்கு உதவக்கூடிய ஒன்று லுத்தர் எளியவர்களுக்காக எழுதிய விசுவாசப் போதனை நூலான சிறிய ஞானோபதேசத்தில் இருக்கிறது. எதை அறிக்கையிடுவது என்று கேட்கும் எளிய மனிதனுக்கு அது சொல்லும் பதில்: பத்துக் கட்டளைகளை வைத்துக்கொண்டு உன் நிலையைப் பார், நீ தகப்பனா, தாயா, மகனா, மகளா, எஜமானனா, வேலைக்காரனா? கீழ்ப்படியாமல் இருந்தாயா, சோம்பலாய் இருந்தாயா, சொல்லாலோ செயலாலோ யாரையாவது புண்படுத்தினாயா, திருடினாயா, எதையாவது கெடுத்தாயா? அதோடு நிற்கவில்லை. பெரிய பாரம் எதுவும் தெரியாதவன் பாவங்களைத் தேடித் துருவவோ கற்பனை செய்யவோ வேண்டாம், தெரிந்த ஒன்றிரண்டைச் சொன்னால் போதும் என்றும் எழுதுகிறார். தாம் பட்ட பாட்டை அறிந்தவர் எழுதிய வரி அது.

பனைநிழல் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிறு சேர்க்கை. நாங்கள் மெதடிஸ்த திருச்சபையார். 1814 முதல் இலங்கையில் இருக்கிறோம். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகள் யாக்கோபு 5:16-ஐ அடித்தளமாகக் கொண்டவை: "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்." வாரம் ஒரு முறை, குறித்த மணிக்கு, வந்திருப்பவர்களோடு தொடங்கவேண்டும். ஆண்கள் தனி, பெண்கள் தனி. கடந்த கூட்டத்துக்குப் பிறகு அறிந்து செய்த பாவங்கள் எவை, எந்தச் சோதனைகள் வந்தன, அவற்றிலிருந்து எப்படித் தப்பினீர், பாவமோ இல்லையோ என்று ஐயப்படும் நினைவோ சொல்லோ செயலோ உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டும். சேருவதற்கு முன்பே, உமது குறைகளை ஒளிவுமறைவின்றி உமக்குச் சொல்ல விரும்புகிறீரா என்று கேட்டுத்தான் சேர்ப்பார்கள்.

எங்கள் ஊர்களில் அந்தப் பழைய கடுமை இன்று இல்லை. வகுப்புக் கூட்டங்கள் எனப்படும் எங்கள் சிறு குழுக் கூட்டங்கள் பல இடங்களில் வேதப்படிப்பாக மாறிவிட்டன. ஆனாலும் குரு என்ற பதவியில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இது ஏற்ற வழி என்று எண்ணுகிறேன். மூவர் நால்வருக்கு மேல் போகக்கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் எழுதக்கூடாது. எழுதியதை யார் யாருக்கு அனுப்புவார்கள் என்பதை ஆண்டவர் ஒருவரே அறிவார்.

விழுதுகள் எழுதியது:

மனநல ஆலோசனைப் பணியில் இருக்கும் ஒரு கத்தோலிக்கப் பெண் நான். இதுவரை யாரும் தொடாத ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சிலருக்கு அறிக்கை எவ்வளவு அடிக்கடி செய்தாலும் போதாது. வெளியே வந்ததும், அதைச் சரியாகச் சொன்னேனா, மனஸ்தாபம், அதாவது பாவத்துக்காக மனம் வருந்துதல், உண்மையாக இருந்ததா என்று மீண்டும் வரிசையில் போய் நிற்பார்கள். இஞ்ஞாசியாரே ஸ்பெயினின் மன்றேசா ஊரில் இப்படித்தான் தவித்தார். முன்பே அறிக்கையிட்ட பாவங்களைத் திரும்பத் திரும்ப நினைத்து, உயிரை விட்டுவிடலாமா என்ற அளவுக்குப் போனார். லுத்தரும் துறவு மடத்தில் தம் ஆன்ம வழிகாட்டி ஸ்டாவுபிட்ஸிடம் நெடுநேரம் அறிக்கையிட்டுக்கொண்டிருந்தவர். இப்படிப்பட்டவருக்கு "இன்னும் ஆழமாகச் சோதித்துப் பார்" என்று அறிவுரை சொல்வது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

அத்தகையவர்களுக்குத் திருச்சபையின் பழைய ஆலோசனை இன்றைக்கும் பொருந்துகிறது: ஒரே குருவை வைத்துக்கொள்ளுங்கள், அவர் போதும் என்றால் போதும், அறிக்கையிட்ட பழைய பாவத்தை மறுபடி எடுக்காதீர்கள். தவிப்பு தூக்கத்தையும் வேலையையும் கெடுக்குமானால் அது மருத்துவரிடம் போகவேண்டிய துன்பம். அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. நெல்லைச் சகோதரர் இந்த வகையினர் என்று தோன்றவில்லை. ஆனால் இந்த இழையைப் படிப்பவர்களில் சிலர் அப்படி இருப்பார்கள். புள்ளி வைத்து எண்ணும் முறை அவர்களுக்கு வேண்டாம்.

நெல்லை வாசகன் எழுதியது:

அனைவருக்கும் மிகுந்த நன்றி. எனக்கு இரண்டு சிக்கல்கள் மீதி இருக்கின்றன.

ஒன்று, எங்கள் சபையில் பாதிப் பேர் எனக்கு உறவு. இப்போதைய போதகர் ஐயா என் அத்தை வீட்டுச் சம்பந்தி. சபைச் சங்கச் செயலாளர் என் சித்தப்பா. இவர்களிடம் எதையும் சொன்னால் இரகசியம் காப்பாற்றப்பட்டாலும், அடுத்த கல்யாண வீட்டில் அவர்கள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

இரண்டாவது, இதைக் கேட்க நெடுநாளாய் எண்ணியிருந்தேன். ஒருவர் பங்காளியின் வரப்பை ஆண்டுக்கு ஓரடியாக வெட்டித் தம் வயலோடு சேர்த்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் தவறாமல் அறிக்கையும் செய்கிறார், திருவிருந்தும் எடுக்கிறார். வயல் மட்டும் அவர் கையிலேயே இருக்கிறது. எங்கள் பக்கம் இது கற்பனை இல்லை. இந்தப் பழக்கத்தால் அவருக்கு நன்மையா, அல்லது மனச்சாட்சிக்கு மாதாந்திர மயக்க மருந்தா?

முத்துக்கரை எழுதியது:

முதல் சிக்கல் எங்கள் ஊர்களிலும் அப்படியே. திருவிழாவுக்கு முன்னும் தவக்காலத்திலும் வெளியூர்க் குருக்கள் வந்து அமரும்போது அவர்களுக்கு முன்தான் வரிசை நீளும். ஊர்க்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும், யாரும் தப்பாக எடுப்பதில்லை. பக்கத்து நகரத்தின் பங்கிலோ திருத்தலத்திலோ போய்ச் செய்யலாம். நீங்களும் உறவுக்கு அப்பாற்பட்ட, பணி ஓய்வு பெற்ற போதகர் ஒருவரைத் தேடுங்கள். தாமே தம் பாவத்தை இன்னொருவரிடம் சொல்லும் பழக்கம் உள்ளவரா என்று மட்டும் பாருங்கள். ஜெர்மன் லுத்தரன் போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் ஃபின்கன்வால்டே குருமடத்தில் தம் மாணவர்களைத் திருவிருந்துக்கு முன் ஒருவரிடம் ஒருவர் அறிக்கையிடப் பழக்கினார். தாமும் மாணவர் ஒருவரிடம் அறிக்கையிட்டார்.

வரப்புக் காரியத்தில் எங்கள் போதனை தெளிவு: திருடியதைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்க மனமில்லாதவரின் மனஸ்தாபம் மனஸ்தாபமே இல்லை. கேட்கவேண்டியதைக் கேட்காமல் மூன்று ஜெபம் சொல்லச்சொல்லி அனுப்பும் குருக்களும் உண்டு. அது அவர்கள் குறை.

ஆவியின் கனி எழுதியது:

இதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எண்ணாகமம் 5:7-ஐ எடுத்துப் பாருங்கள்: பாவத்தை அறிக்கையிடவேண்டும் என்ற கட்டளையும், முதலோடே ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் குற்றஞ்செய்யப்பட்டவனுக்குச் செலுத்தவேண்டும் என்ற கட்டளையும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகக் கொடுக்க முன்வந்தான். தனி மனிதரிடம் அறிக்கை என்பதில் என் தயக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் பனைநிழல் சகோதரர் சொன்ன மூவர் நால்வர் கூட்டத்தை எங்கள் சபை வாலிபரிடையே முயன்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அங்கே எல்லோரும் சொல்கிறவர்கள், எல்லோரும் கேட்கிறவர்கள், ஒருவர் கையில் மட்டும் பிடி இருக்காது.

தரங்கை எழுதியது:

நெல்லைச் சகோதரரே, நாள் குறிப்பதற்கு உங்கள் சபையிலேயே ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. திருவிருந்துக்கு முன் ஆயத்த ஆராதனை நடத்தும் வழக்கம் பல பழைய சபைகளில் இருந்தது, சில இடங்களில் இன்றும் இருக்கிறது. உங்கள் ஊரில் அது இருந்தாலும் நின்றுபோயிருந்தாலும், திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமையை உங்கள் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் நாலைந்து வரிக்கு மேல் எழுதவேண்டாம். யாரிடம், என்ன, எப்போது என்பவை மட்டும் இருக்கட்டும். ஏன் செய்தேன் என்ற விளக்கத்தை எழுதத் தொடங்கினால் அது பெரும்பாலும் வாதாட்டமாகிவிடும். மன்னிப்பின் வார்த்தையைக் கேட்டபின் தாளைக் கிழித்துவிடுங்கள்.

வரப்பை வெட்டியவருக்கு ஒரு கேள்வி வரும்: பங்காளி இறந்துபோய், கேட்டு வாங்க இனத்தானும் இல்லையென்றால் என்ன செய்வது? ஆவியின் கனிச் சகோதரர் காட்டிய வசனத்துக்கு அடுத்த வசனம் அதையும் பார்த்துவிட்டது. அப்போது அது கர்த்தருக்குச் செலுத்தப்பட்டு ஆசாரியனைச் சேரவேண்டும். வாங்க ஆள் இல்லை என்பதற்காக அது அவரிடமே தங்கிவிட முடியாது.